உமிக் கொதிகலன் விசிறிக்கு 120 டிகிரி தாங்கும் டி.பி.யு. ஸ்பைடர்: நாமே உருவாக்க முடியுமா?

துவாக்குடி மோல்டர்

அனைவருக்கும் வணக்கம். துவாக்குடியில் சிறிய இன்ஜெக்ஷன் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். டெல்டா நெல் ஆலைகளுக்கான உதிரிகள்தான் என் பிழைப்பில் பெரும்பகுதி: எலிவேட்டர் வாளி, புஷ், சுரண்டி, கப்ளிங் ஸ்பைடர்.

சிக்கல் ஸ்பைடரில்தான், அதாவது கப்ளிங்கின் இரண்டு இரும்பு ஹப்களுக்கு நடுவில் உட்காரும் பல் வைத்த மெத்தையில். மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் வட்டாரத்துப் புழுங்கல் ஆலைகளில் உமி எரிக்கும் கொதிகலன் இருக்கிறது. அதன் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் விசிறியையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கில் நான் அடிக்கும் ஸ்பைடர் போகிறது. பாலியெஸ்டர் வகைத் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் (டி.பி.யு.), ரப்பர் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 92. இதே ஸ்பைடர் எலிவேட்டரிலும் பாலிஷரிலும் வருடக்கணக்கில் ஓடுகிறது. கொதிகலன் விசிறியில் மட்டும் சம்பா அரவை உச்சத்தில் இருக்கும் மாசி, பங்குனியிலேயே பல் நசுங்கிவிடுகிறது. சித்திரையில் இன்னும் மோசம். பல் தட்டையானதும் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கத் தொடங்கும். தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருக்கும்போது கொதிகலன் நின்றால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊறல் நேரம் கூடிய நெல்லில் வாடை ஏறிவிடும், அரிசியின் நிறம் போய்விடும்.

வெளிநாட்டு கப்ளிங் நிறுவனங்களின் வெப்பம் தாங்கும் ஸ்பைடர் கிடைக்கிறது. சிறிய ஆலைக்கு அந்த விலை கட்டாது. 120 டிகிரி செல்சியஸ் தொடர்ந்து தாங்கும் டி.பி.யு.வை நாமே உருவாக்க முடியுமா? அதன் மூலப்பொருள்களில் ஒன்றான டைஐசோசயனேட்டை மாற்றினால் முடியும் என்று படித்தேன். பட்டறையிலேயே சிறிய கலன் வைத்து வினை நடத்திப் பார்க்கவும் எண்ணம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நீடாமங்கலம் ஃபிட்டர்

செத்துப்போன ஸ்பைடரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தீர்களா? வெளியே மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. பல்லின் நடுவில் கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்து, உள்ளே என்ன நிறம், குமிழி இருக்கிறதா, விரலால் மடக்கினால் வளைகிறதா முறிகிறதா என்று எழுதுங்கள். எந்தெந்த ஆலையில் இருந்து வந்தது என்று துண்டிலேயே குறித்துவையுங்கள். அதற்குப் பிறகு மருந்து பேசலாம்.

தஞ்சை பாலிமர்

ஃபிட்டர் அண்ணா கேட்டது மிகச் சரியான கேள்வி. பதில் வரும்வரை வேதியியல் பக்கத்தைச் சொல்லிவைக்கிறேன். நான் பாலிமர் ஆய்வு மாணவி.

டி.பி.யு.வின் ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு விதத் துண்டுகள் மாறி மாறி வருகின்றன. நீளமான, நெளிந்துகொடுக்கும் பாலியால் துண்டு மென்பகுதி. டைஐசோசயனேட்டும் குட்டையான டையால் ஒன்றும் சேர்ந்து உண்டாக்குவது கடினப் பகுதி. கடினப் பகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நுண்ணிய திட்டுகளாக ஒதுங்குகின்றன. சாதாரண ரப்பரில் கந்தகம் போடுகிற முடிச்சின் வேலையை இங்கே அந்தத் திட்டுகள் செய்கின்றன. கந்தக முடிச்சு அவிழாது. இந்த முடிச்சு சூட்டில் தளரும், ஆறினால் மறுபடி இறுகும். இதை உருக்கி அச்சில் அடிக்க முடிவதும், கொதிகலன் பக்கத்தில் இது நசுங்குவதும் ஒரே குணத்தால்தான். பாலியூரித்தேன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு தொடங்கியது. உருக்கி அடிக்கக்கூடிய இந்த எலாஸ்டோமர் வடிவம் 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் ஷோலன்பெர்கரின் பணியில் உருவானது.

ஆகவே வெப்பம் தாங்க வேண்டுமென்றால் அந்தத் திட்டுகள் மென்பகுதியில் கலந்துவிடாமல் ஒழுங்காக அடுக்கப்பட்டு, உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே தளர வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் சரக்கு எம்.டி.ஐ. என்ற டைஐசோசயனேட்டும் பியூட்டேன்டையாலும் கொண்டது. தொடர்ந்து 80, 90 டிகிரி வரைதான் அதை நம்பலாம். பி.பி.டி.ஐ. என்கிற பாரா ஃபீனைலீன் டைஐசோசயனேட்டின் மூலக்கூறு குட்டையானது, நேரானது, இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது. அதனால் திட்டுகள் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. 120 டிகிரியிலும் விறைப்பு பெரிதாகக் குறையாது. நாஃப்தலீன் டைஐசோசயனேட்டும் அப்படித்தான், ஆனால் அது பெரும்பாலும் வார்ப்பு பாலியூரித்தேனில் பயன்படுகிறது. இன்னொரு வழி, எம்.டி.ஐ.யை அப்படியே வைத்துக்கொண்டு பியூட்டேன்டையாலுக்குப் பதில் ஹைட்ரோகுவினோன் வளையம் கொண்ட எச்.க்யூ.ஈ.ஈ. என்ற டையாலைப் போடுவது. கடினத் திட்டின் உருகுநிலை உயரும். ஆனால் அது சுமார் 100 டிகிரியில்தான் உருகுகிறது. குழாயில் எங்காவது சூடு குறைந்தால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மென்பகுதியும் முக்கியம். பாலியெஸ்டர் எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். சூடான ஈரத்தில் நீராற்பகுப்பால் அறுந்துபோகும். பாலியீதர் ஈரத்துக்கு அஞ்சாது. சூடான காற்றில் ஆக்சிஜன் அதைத் தின்னும், ஆன்டி ஆக்சிடென்ட் கட்டாயம். பாலிகேப்ரோலாக்டோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாலிகார்பனேட் டையால் சூடு, ஈரம் இரண்டையும் தாங்கும். விலை அதிகம், குளிரில் விறைக்கும். குளிரில் விறைப்பது ஐரோப்பாக்காரருக்குக் குறை. அவர்கள் மைனஸ் 40 டிகிரிக்கும் சேர்த்துப் பொருளை வடிவமைக்கிறார்கள். மார்கழிப் பனியில்கூட 18, 20 டிகிரிக்குக் கீழே போவது அரிதான தஞ்சை, திருவாரூரில் அந்தக் குணத்துக்காக நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊருக்கென்று ஒரு கலவையை யோசித்தால் இந்த இடத்தில் நமக்குச் சலுகை இருக்கிறது.

கல்லணை

பாலிமர் கலவைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கவில்லை. ஆனால் மோல்டர் தம்பி கடைசியில் எழுதிய வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

பட்டறையில் கலன் வைத்து ஐசோசயனேட் வினை நடத்த வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வகைப் பொருள்களின் ஆவியோ தூசியோ மூச்சில் போனால் நுரையீரல் அதற்குப் பழக்கப்படாது, பகைத்துக்கொள்ளும். ஒரு தடவை அந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா போல இழுப்பு வரும். அதன்பின் அந்த ஆள் அந்தத் தொழிலிலேயே இருக்க முடியாது. எம்.டி.ஐ. அறை வெப்பத்தில் அதிகம் ஆவியாகாது என்பதை நம்பித் திறந்த கலனில் சூடாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.பி.டி.ஐ. அதைவிட மோசம், திடப்பொருளாக இருக்கும்போதே ஆவியாகக் கிளம்பும். மூடிய அமைப்பு, வெளியேற்றக் காற்றோட்டம், காற்றில் அளவு பார்க்கும் கருவி, ஆட்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை இவையெல்லாம் இல்லாத இடத்தில் இந்த வேலை கூடாது.

தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. ஐசோசயனேட் தொகுதிகளும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். விகிதம் ஒரு நூறில் ஓரிரு பங்கு தவறினாலே மூலக்கூறு எடை சரிந்துவிடும், அல்லது ஜெல்லாகிவிடும். பாலியாலில் மிஞ்சிய ஈரமே அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். பெரிய ஆலைகள் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் தொடர் ஓட்டமாக இதைச் செய்வது அதனால்தான். ஆலையில் தயாரித்து மணிகளாக வரும் டி.பி.யு. கிரானுல் வாங்குங்கள். நம் கைத்திறமையை உலர்த்துவதிலும் அடிப்பதிலும் அடித்த பிறகு சுடுவதிலும் காட்டலாம். அங்கேயே நிறைய வெப்பத் தாங்குதிறன் வீணாகிக்கொண்டிருக்கிறது.

துவாக்குடி மோல்டர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். கலன் யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

ஃபிட்டர் அண்ணா, வெட்டிப் பார்த்தேன். மன்னார்குடி பக்கத்து ஆலையில் இருந்து வந்தவை ஒரு விதம். பல்லின் இரு முகமும் கண்ணாடி போல மினுமினுப்பாக நசுங்கியிருக்கின்றன. ஹப்பை ஒட்டிய பக்கம் மஞ்சள் நிறம் பழுப்பாகிவிட்டது. உள்ளே மட்டும் புதுச் சரக்கின் நிறம் அப்படியே இருக்கிறது. மடக்கினால் வளைகிறது.

வலங்கைமான் பக்கத்து ஆலையில் இருந்து வந்தவை நேர்மாறு. வெளித்தோல் நன்றாக இருக்கிறது, நசுக்கம்கூட அதிகம் இல்லை. பிளந்தால் பல்லின் நடு மையம் கருத்து, சின்னச் சின்னக் குமிழிகளோடு உருகி உறைந்ததுபோல இருக்கிறது. ஒரே அச்சு, ஒரே கிரானுல், ஒரே மாதிரி விசிறி. எப்படி இரண்டு விதமாகச் சாகிறது?

நீடாமங்கலம் ஃபிட்டர்

இரண்டும் வேறு வேறு நோய். மன்னார்குடியில் வெளியில் இருந்து சூடு ஏறுகிறது. புகை விசிறியின் தண்டு வழியாகவே இரும்பு சூட்டைக் கொண்டுவந்து ஹப்பில் கொட்டுகிறது. வலங்கைமானில் சூடு உள்ளேயே பிறக்கிறது. மோட்டாரும் விசிறியும் ஒரே கோட்டில் இல்லை என்று நினைக்கிறேன். அடித்தளத்தில் பேக்கிங் தகடு இளகியிருக்கும், அல்லது விசிறி இறக்கையில் சாம்பல் ஒட்டிச் சமநிலை போயிருக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஒட்டவும் ஒட்டும், அராவவும் அராவும்.

நாளை வலங்கைமானுக்குக் கோட்டு விலகலை அளக்கும் டயல் கேஜோடு போகச் சொல்லுங்கள். கப்ளிங்கைச் சுற்றி நான்கு இடத்தில் அளவு எடுக்கட்டும். குளிர்ந்த நிலையில் ஒரு தடவை, கொதிகலன் ஓடிச் சூடான பிறகு ஒரு தடவை. விசிறியின் தாங்கி சூட்டில் மேலெழும்பும், மோட்டார் எழும்பாது. குளிரில் சரியாக வைத்த கோடு சூட்டில் விலகிப்போவது அங்கேதான்.

தஞ்சை பாலிமர்

அண்ணா சொன்னதன் பின்னால் உள்ள கணக்கைத் தருகிறேன், ஏனென்றால் இந்த இழையின் விடையே இதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. கோடு விலகியிருந்தால் ஸ்பைடரின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அழுந்தி விடுபடுகிறது, அதாவது வினாடிக்கு 24 முறை. அழுத்தும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் விடும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. இதுதான் ஹிஸ்டிரிசிஸ். அந்த வெப்பம் நசுக்கத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கோட்டு விலகலைச் சரிசெய்து நசுக்கத்தைப் பாதியாக்கினால் பிறக்கும் சூடு நான்கில் ஒன்றாகிவிடும். எந்த விலையுயர்ந்த டைஐசோசயனேட்டும் இவ்வளவு லாபம் தராது.

பிறந்த சூடு வெளியேறவும் முடியாது. டி.பி.யு.வின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான். சாதாரண எஃகு சுமார் 50. அதனால் பல்லின் நடு மையம் வெந்துபோகும்போதும் வெளித்தோல் தொட்டுப் பார்க்கக்கூடிய சூட்டில் இருக்கும். வெளியே வெப்பமானி வைத்துப் பார்த்து, பொருள் தாங்கவில்லை என்று முடிவுகட்டுவதில் உள்ள ஆபத்து இது.

ஆக வலங்கைமானுக்கு முதல் மருந்து ஃபிட்டர் வேலை. பொருள் மாற்றம் அதற்குப் பிறகுதான். அப்படி மாற்றினாலும் 120 டிகிரி என்ற எண்ணைத் தேடக் கூடாது, ஹிஸ்டிரிசிஸ் குறைவான சரக்கைத் தேட வேண்டும். பாலிகேப்ரோலாக்டோன், பாலியீதர் வகைகள் அந்த விதத்தில் சாதாரண பாலியெஸ்டரைவிட நல்லவை.

கும்பகோணம் வார்ப்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டி.பி.யு.தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? பழைய ஆலைகளில் வார்ப்பிரும்பு பின் புஷ் கப்ளிங்கில் நைட்ரைல் ரப்பர் புஷ் போட்டு ஓட்டினார்கள். ரப்பர் உருகாது. புஷ் போனால் கழற்றி மாட்ட அரை மணி நேரம். இல்லையென்றால் கப்ளிங்கையே எடுத்துவிட்டு வி பெல்ட் போடலாம், சூடு மோட்டார் வரை வராது.

கல்லணை

வார்ப்பு நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியை ஒட்டி நிற்கும், திடீரென்று உருகாது. சூட்டில் மெல்ல இறுகி வெடிக்கும். ஆனால் அதே அளவு கப்ளிங்கில் டி.பி.யு. கடத்தும் முறுக்குவிசையை ரப்பர் கடத்தாது. ஒரு அளவு பெரிய கப்ளிங் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நூற்றுக்கணக்கான ஹப்களில் ஸ்பைடரை மட்டும் மாற்றுவது என்றால் டி.பி.யு.வைச் சீராக்குவதே சிக்கனம். புதிதாக விசிறி வாங்குகிறவர் நீங்கள் சொன்ன பெல்ட் வழியைத் தயங்காமல் எடுக்கலாம்.

கப்ளிங் அளவைப் பற்றி ஒரு செய்தி. பல கப்ளிங் பட்டியல்களில் வெப்பக் காரணி என்று ஒரு வரிசை இருக்கும். 30 டிகிரி வரை 1, 40 டிகிரிக்கு 1.2, 60 டிகிரிக்கு 1.4, 80 டிகிரிக்கு 1.8. மோட்டாரின் முறுக்குவிசையை அந்த எண்ணால் பெருக்கித்தான் கப்ளிங் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 80 டிகிரியில் ஓடும் இடத்தில் 30 டிகிரிக்கான அளவைப் போட்டால், ஸ்பைடரின் பட்டியலில் 90 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தாலும் பல் நசுங்கும். 90 டிகிரி தாங்கும் என்றால் அந்தச் சூட்டில் பொருள் கெடாது என்றுதான் பொருள். முழுச் சுமையையும் தூக்கும் என்று அல்ல. பாதிச் சண்டைகள் இந்த வேறுபாடு தெரியாமல் வருகின்றன.

துவாக்குடி மோல்டர்

மன்னார்குடி ஆலையில் ஹப்பின் சூட்டை அளந்தோம். அகச்சிவப்புத் துப்பாக்கியை முதலில் பளபளப்பான ஹப் மேல் காட்டியபோது 50ஐ ஒட்டித்தான் வந்தது. ஃபிட்டர் அண்ணா தொலைபேசியில் சொன்னபடி ஹப்பில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்ததும் 80ஐ எட்டிவிட்டது. விசிறியை நிறுத்திய உடனே தெர்மோகப்பிளைத் தொட வைத்தும் பார்த்தோம், டேப் சொன்னதே சரி. பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் குறைத்துக் காட்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புதுச் செய்தி.

வலங்கைமானில் டயல் கேஜ் வைத்தார்கள். குளிரில் ஓரளவு சரி. சூடானதும் கோடு நன்றாகவே விலகுகிறது. விசிறி இறக்கையில் சாம்பல் அடை அடையாக ஒட்டியிருந்தது.

நீடாமங்கலம் ஃபிட்டர்

அப்படியானால் உங்களுக்கு 120 டிகிரி சரக்கு தேவையே இல்லை. 80 டிகிரியில் நிம்மதியாகச் சுமை தூக்கும் சரக்கு போதும். அந்த 80ஐயும் குறைக்கலாம். விசிறிக்கும் தாங்கிக்கும் இடையில் தண்டில் ஒரு அலுமினியக் குளிரூட்டும் தட்டைப் பொருத்துங்கள், சிறிய இறக்கைகளோடு. தண்டோடு சுற்றிக் காற்றை வீசும், தண்டின் சூட்டைப் பாதி வழியிலேயே இறக்கிவிடும். கொதிகலன் சுவரில் இருந்து நேராக அடிக்கும் வெக்கைக்கு இரட்டைத் தகரத் தடுப்பு, நடுவில் காற்று இடைவெளி. கப்ளிங் காவலைத் தகரத்தால் மூடிவைத்திருப்பார்கள். அதை வலைக்கம்பியாக மாற்றுங்கள், காற்று போகட்டும். ஆனால் காவல் இல்லாமல் மட்டும் ஓட்ட விடாதீர்கள்.

வலங்கைமான்காரருக்கு: குளிரில் கோடு வைக்கும்போதே சூட்டில் எழும்பும் அளவுக்கு மோட்டாரைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சூடானதும் இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். சாம்பலைச் சுரண்டாமல் விசிறியை ஓட்டவே கூடாது.

மன்னார்குடி அரவை

இழையை முதலில் இருந்து படித்துவருகிறேன். நான் ஆலை நடத்துகிறவன். ஸ்பைடர் சின்னச் செலவு. எனக்குப் பெரிய செலவு உமி நீக்கும் ஷெல்லரின் ரப்பர் ரோல். சித்திரை, வைகாசியில் ரோல் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. டி.பி.யு. தேய்மானத்தில் ரப்பரைவிட உசத்தி என்கிறார்கள். வெப்பம் தாங்கும் டி.பி.யு.வில் ரோல் அடித்துக் கொடுக்க முடியாதா? முடிந்தால் டெல்டா முழுவதும் வாங்கும்.

தஞ்சை பாலிமர்

ஐயா, இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கும்போது பொருத்தமாகத் தெரிகிற யோசனை இது.

ஷெல்லரில் இரண்டு ரோல்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்றைவிட மற்றொன்று ஏறக்குறைய கால் பங்கு மெதுவாகச் சுற்றுவதால்தான் நெல் இழுபட்டு உமி கழல்கிறது. அந்த உராய்வுதான் வேலை, அந்த உராய்வுதான் சூடு. கோடையில் காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும்போது ரோலின் மேற்பரப்பு எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். நெல்லின் முனை பதியும் புள்ளியில் அந்தக் கணத்துச் சூடு இன்னும் அதிகம். கந்தக முடிச்சுப் போட்ட ரப்பர் அங்கே தேயும், உருகாது. டி.பி.யு.வின் முடிச்சு தளரும். மேற்பரப்பு வழவழப்பாகி மினுங்கும், பிடிப்பு போய்விடும். பிடிப்பு போனால் ஆபரேட்டர் இடைவெளியைக் குறைப்பார், சூடு இன்னும் ஏறும், குருணை கூடும். அறை வெப்பத்தில் எடுத்த தேய்மானச் சோதனை எண்ணை வைத்து ரோலுக்கு டி.பி.யு.வைப் பரிந்துரைத்தால் அது ஆலைக்காரரின் தலையில்தான் விழும். பாலியூரித்தேன் ரோல் செய்ய வேண்டுமென்றால் அது நிரந்தர முடிச்சுள்ள வார்ப்பு வகையாக இருக்க வேண்டும். அதற்கும் சூடுதான் முதல் சோதனை.

அச்சு வேலையிலும் தடை உண்டு. ரோலின் ரப்பர் பகுதி தடிமனானது. அவ்வளவு தடிமனை இன்ஜெக்ஷனில் அடித்தால் உட்பக்கம் மெதுவாக ஆறிச் சுருங்கி வெற்றிடம் விழும். மோல்டர் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று உணவுத் தொடர்பு. தேய்ந்து உதிரும் துகள் உமியோடும் தவிட்டோடும் போகிறது. ரப்பர் ரோலில் கார்பன் கருப்புக்குப் பதில் சிலிக்கா போட்டு வெளிர் நிறத்தில் செய்வது அரிசியில் கறை படியாமல் இருக்கத்தான். எந்தப் புதுப் பொருளும் உணவுத் தொடர்புக்குச் சான்று பெற்ற தரமாக இருக்க வேண்டும். தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக இருந்து இன்று நிஃப்டெம் ஆகியிருக்கும் நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரோல் பற்றி அங்கே கேட்கலாம்.

நீடாமங்கலம் ஃபிட்டர்

அரவை அண்ணா, ரோலை மாற்றுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்கிறேன். டிரையரில் இருந்து இறங்கிய நெல் ஆறுவதற்குள் ஷெல்லருக்குப் போகிறதா? சூடான நெல்லே ரோலைச் சுடும். தொட்டியில் போட்டு ஆறவிடுங்கள், அரிசி உடைவதும் குறையும். ஒரே ஓட்டத்தில் எல்லா உமியும் போக வேண்டும் என்று ரோலை இறுக்குகிறார்களா? நூற்றுக்குப் பத்து, பதினைந்து நெல் மிஞ்சட்டும், பிரிப்பான் திருப்பி அனுப்பும். ரோலுக்குக் காற்றடிக்கும் குழாய் வேலை செய்கிறதா, உமித் தூசி அடைத்துக் கிடக்கிறதா? வேகமாகச் சுற்றும் ரோல் முதலில் தேயும், இரண்டையும் இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மன்னார்குடி அரவை

முதல் கேள்விக்கு ஆம். சீசனில் தொட்டி காலியாக இருப்பதில்லை, நேராகத்தான் போகிறது. ஆறவைக்கத் தனித் தொட்டி கட்டும் செலவை ரோல் செலவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறேன். நன்றி தம்பி.

கல்லணை

இப்போது மோல்டர் தம்பியின் பட்டறைக்கு வருகிறேன். 80 டிகிரிக்கு நல்ல ஸ்பைடர் வேண்டும் என்றால் இரண்டு காரியத்தைக் கறாராகச் செய்ய வேண்டும்.

ஒன்று, உலர்த்துதல். டி.பி.யு. கிரானுல் காற்றில் இருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அடிக்கும்போது ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் மோல்டிங் இயந்திரத்தின் 200 டிகிரி பீப்பாயில் அந்த ஈரமே சங்கிலியை அறுக்கும். வெளியே வரும் பொருள் பார்க்க நன்றாக இருக்கும், கடினமும் 92 என்றே காட்டும். ஆனால் மூலக்கூறு எடை குறைந்திருக்கும்; சூட்டில் அது தெரியவரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டுமா? அந்தக் காற்றையே சூடாக்கி ஊதுகிற சாதாரண ஹாப்பர் டிரையர் ஐப்பசி, கார்த்திகையில் போதாது. ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் டிரையர் வேண்டும். தை முதல் ஓடப்போகும் சம்பா அரவைக்கான உதிரிகளை எல்லோரும் அந்த மழை மாதங்களில்தான் அடித்து அடுக்குகிறோம். அதுதான் எனக்குக் கவலை. கிரானுலையும் அடித்த பொருளையும், உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்க்கும் மெல்ட் ஃப்ளோ சோதனையில் ஒப்பிடுங்கள். பொருளின் ஓட்டம் கிரானுலைவிட மிகவும் கூடியிருந்தால் ஈரம் வேலையைக் காட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டையைப் பிரித்தால் அன்றே முடியுங்கள், மிச்சத்தை வாய் கட்டிவையுங்கள்.

இரண்டு, அடித்த பிறகு சுடுதல். அச்சில் வேகமாக ஆறும்போது கடினத் திட்டுகள் அரைகுறையாகத்தான் பிரிகின்றன. 100 டிகிரியை ஒட்டி 16 முதல் 24 மணி நேரம் அடுப்பில் வைத்தால் அவை நிதானமாக ஒழுங்காகின்றன. அதே சரக்கு, அதே அச்சு. ஆனால் அழுத்தி எடுத்தபின் மீளாமல் தங்கும் தட்டை கண்கூடாகக் குறையும். மின்சாரச் செலவைப் பார்த்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை சிறு பட்டறைக்குக் கிடைக்கும் மிக மலிவான வெப்பத் தாங்குதிறன் இதுதான்.

துவாக்குடி மோல்டர்

என்னிடம் இருப்பது சூடான காற்று டிரையர்தான். டெசிகன்ட் டிரையருக்கு விலை கேட்டிருக்கிறேன். அடுப்பு இருக்கிறது. எந்தக் கிரானுல் வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்று சொன்னால் தொடங்கிவிடுவேன்.

தஞ்சை பாலிமர்

மூன்று சரக்கை ஒப்பிடுங்கள். இப்போது அடிக்கும் பாலியெஸ்டர் வகை, சுட்டதும் சுடாததும். அதே கடினத்தில் ஆன்டி ஆக்சிடென்ட் சேர்த்த பாலியீதர் அல்லது பாலிகேப்ரோலாக்டோன் வகை. மூன்றாவதாக, குறுக்குப் பிணைப்பு மாஸ்டர்பேட்ச் (கிரானுலோடு சிறிதளவு கலக்கும் செறிவான சேர்மானம்) சேர்த்தது. இதில் ஐசோசயனேட் முனைகள் கிரானுலுக்குள் அடைபட்டு வருகின்றன; பீப்பாயில் உருகும்போது சங்கிலிகளுக்கு இடையே கூடுதல் பிணைப்பு போடுகின்றன. சூட்டில் நசுங்குவதை நன்றாகக் குறைக்கும். அதற்கும் வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும், ஐயா எழுதிய எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

சோதனை எளிது. ஏ.எஸ்.டி.எம். டி395 முறையில் 29 மில்லிமீட்டர் விட்டம், 12.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட வில்லையைத் தகடுகளுக்கு நடுவே நூற்றுக்கு 25 பங்கு நசுக்கிப் பூட்டுங்கள். 100 டிகிரி அடுப்பில் 22 மணி நேரம். எடுத்து விடுவித்து, அரை மணி நேரம் ஆறவைத்துத் தடிமன் அளங்கள். நசுக்கிய அளவில் எத்தனை பங்கு மீளவில்லை என்பதே எண். பட்டியலில் 70 டிகிரிக்கான எண்ணைக் காட்டி விற்பார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம், 100 டிகிரிக்குக் கேளுங்கள். ஹிஸ்டிரிசிஸ் அளவுக்கு, பொருளை அசைத்து அசைத்து விறைப்பை அளக்கும் டி.எம்.ஏ. கருவி தேவை. கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டிலோ கருவி உள்ள பல்கலைக்கழகத்திலோ கட்டணம் கட்டிச் செய்யலாம். அதில் 23 டிகிரியில் உள்ள விறைப்பில் எத்தனை பங்கு 80 டிகிரியில் மிஞ்சுகிறது என்பதையும், எவ்வளவு ஆற்றல் சூடாக வீணாகிறது என்று காட்டும் இழப்புக் காரணியையும் பாருங்கள். மன்னார்குடிக்கு முதல் எண், வலங்கைமானுக்கு இரண்டாவது எண்.

கும்பகோணம் வார்ப்பு

குளிரூட்டும் தட்டை அலுமினியத்தில் வார்த்துக் கொடுக்க நான் தயார். இரண்டு அரையாகச் செய்து போல்ட் போட்டுக் கவ்வும் மாதிரி இருந்தால் தண்டைக் கழற்றாமல் மாட்டலாம். தண்டின் விட்டத்தையும் தாங்கிக்கும் விசிறிப் பெட்டிக்கும் உள்ள இடைவெளியையும் அனுப்புங்கள்.

துவாக்குடி மோல்டர்

அளவு நாளை அனுப்புகிறேன். இரண்டு ஆலைகளிலும் முதலில் ஃபிட்டர் வேலையை முடித்துவிட்டு, சுட்ட ஸ்பைடரைப் போடப்போகிறேன். மூன்று சரக்கின் வில்லைச் சோதனை எண்கள் வந்ததும் இதே இழையில் பதிவிடுவேன். ஒரு சந்தேகம் பாக்கி. அச்சுக்குள் பொருள் ஓடும் வழியில் உறைந்து மிஞ்சும் ரன்னர் துண்டுகளை அரைத்து மறுபடி கலக்கலாமா? கிரானுல் விலையில் அது பெரிய மிச்சம்.

கல்லணை

கொதிகலன் விசிறிக்குப் போகும் ஸ்பைடரில் கலக்க வேண்டாம். ஒவ்வொரு உருக்கலிலும் சங்கிலி கொஞ்சம் அறுபடுகிறது, அரைத்த துண்டு ஈரத்தையும் அதிகம் பிடிக்கும். மாஸ்டர்பேட்ச் போட்டு அடித்த ரன்னரை எதிலுமே சேர்க்காதீர்கள், கூடுதல் பிணைப்பு விழுந்த அது ஒழுங்காக உருகாது. மற்றதை நன்றாக உலர்த்தி எலிவேட்டர் சுரண்டிக்கும் புஷ்ஷுக்கும் பயன்படுத்துங்கள். கொதிகலன் ஸ்பைடருக்கு வேறு நிறமி போட்டு அடித்தால் கடையில் இரண்டும் கலந்துபோகாது.

துவாக்குடி மோல்டர்

சிவப்பு நிறமி போடுகிறேன் ஐயா.